கரிக்குள் ஒரு பிராகாரம்

காங்கேயத்துக்காரனுக்குக் கரி புதிதல்ல. தேங்காய்த் தொட்டி கருகும் புகையில் வளர்ந்தவன் நான். ஆனாலும் சாயல்குடி சாலையில் பஸ் ஜன்னல் வழியே பார்த்தபோது மலைத்துப் போனேன். கண்ணுக்கெட்டிய வரை சீமைக்கருவேலம். நடுநடுவே மண் போர்த்திய கரிமூட்டங்கள், உச்சியில் நூலாகப் புகை. காற்று அதிகம் புகுந்தால் அத்தனை விறகும் சாம்பல். புகாவிட்டால் அணைந்துவிடும். புகையின் நிறத்தைப் பார்த்தே பக்குவம் சொல்கிறார்கள்.

எனக்குப் பெரிய அதிசயம் காத்திருந்தது பாம்பனில். கரையோரக் கொட்டகையில் ஒரு பைபர் படகுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பூசிய ரெசினிலிருந்து ஸ்டைரீன் ஆவி. பிரஷ் கழுவும் டப்பாவிலிருந்து அசிட்டோன் ஆவி. ரசாயன வேலைக்காரன் என்பதால் என் பையில் மாஸ்க் எப்போதும் இருக்கும். மாட்டிக்கொண்டேன். வாயில் துண்டு கட்டியிருந்தவர் சிரித்தார்.

"உள்ள என்ன சார் இருக்கு?"

"சிரட்டைக் கரிதாண்ணே."

அவர் நம்பவில்லை. நம்பாததில் நியாயம் உண்டு. அடுப்புக் கரி இந்த வேலைக்கு ஆகாது. சிரட்டைக் கரியைச் சுமார் 900 டிகிரியில் நீராவியால் அரிக்கவிட்டால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறக்கும். அப்போது ஒரு கிராம் கரிக்குள் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் பரப்பு, அதாவது 25 சென்ட் நிலம்! மறுநாள் ராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில், 1,212 தூண்களுக்கு நடுவே நடந்தபோது இதுதான் நினைவில் ஓடியது. வெளியே மதில்தான் தெரிகிறது. உள்ளே நடக்க நடக்கத் தீரவில்லை.

கொட்டகைக்கே வருகிறேன். சற்று நேரத்தில் மாஸ்க்குக்குள் அசிட்டோன் வாசனை அடித்தது. ஸ்டைரீன் துளியும் இல்லை. மாஸ்க்கில் ஏற்கெனவே புழங்கிய கரி டப்பாவை மாற்றாதது என் சோம்பல்தான். ஆனால் ஒன்று மட்டும் ஏன் வந்தது?

இரண்டுக்கும் கரியில் ஒரே இடம்தான். 56 டிகிரியில் கொதிக்கும் அசிட்டோன் லேசாகத்தான் ஒட்டும். 145 டிகிரியில் கொதிக்கும் ஸ்டைரீனோ கரியை இறுகப் பிடித்துக்கொள்ளும். அசிட்டோன் முன்னே ஓடிக் காலி இடங்களில் உட்காரும். பின்னால் மெதுவாக வரும் ஸ்டைரீன் அதை எழுப்பிவிட்டு உட்காரும். எழுந்த அசிட்டோனும் புதிதாக வரும் அசிட்டோனும் சேர்ந்து வெளியேறுவதால், கரிக்குள் நுழைந்த காற்றில் இருந்ததைவிட அதிக அசிட்டோன் வெளியே வரும் காற்றில் இருக்கக்கூடும். வடிகட்டியே ஊற்றாகிவிடும் விந்தை இது. ஒரே ஒரு கரைப்பானை வைத்துச் சோதித்துச் சொன்ன ஆயுளைக் கலவைக்கு நம்பக்கூடாது என்பது இதனால்தான்.

ராத்திரி சும்மா கிடந்தாலும் டப்பாவுக்குள் அசிட்டோன் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். பைபர் வேலை செய்பவர்களே, துண்டு ஆவியைத் தடுக்காது, கரி டப்பா பொருத்திய மாஸ்க் போடுங்கள். அசிட்டோன் பட்ட கரி டப்பாவை மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள்.