டிக்கிக்குள் விதை வெங்காயம்

மே 6
இடைக்காட்டிலையிருந்து விதை வெங்காயம் வந்தாச்சு. ஒரு அந்தர். ரெண்டு பரப்புக்குக் காணும். பிடி பிடியாக் கட்டினது, நல்லாக் காஞ்சது. வீட்டு வாசலில டிக்கி திறக்கேல்லை. சீட்டுக்குப் பக்கத்து லீவரை இழுத்தா சும்மா வருது, பிடிப்பே இல்லை. இருட்டீட்டுது. விடியப் பாப்பம். நாரி நோகுது.

மே 7
மாமி டிக்கி மூடியைக் கீழ அமத்த, நான் லீவரை இழுத்தன். ஒண்டுமில்லை. கேபிள் அறுந்திருக்க வேணும். திறப்பைப் போட்டுத் திருப்பினா அதுவும் ஒண்டிலையும் கொளுவாமல் சுத்துது. காண்டாவன வெயில். தகரத்தில கை வைக்க ஏலாது. காரை மாமரத்துக்குக் கீழ விட்டன். உள்ள அவிஞ்சு போகுமோ? மாமி கண்ணூறு எண்டா. எரிச்சல் வந்துது. பின்னேரம் நானே செத்தல் மிளகாய் சுத்திப் போட்டன்.

மே 8
திறப்பு ஓட்டைக்குள்ள டபிள்யூடி 40 அடிச்சன். கறள் தண்ணி வடிஞ்சுது. மீசாலை றோட்டால உப்பாறு கடந்து போய் வாற கார். உப்புக் காத்து தின்னாமல் விடுமே. இரவு இவர் கொழும்பிலையிருந்து எடுத்தார். “உடைச்சுப்போட்டு எடுமன்.” போனை வைச்சிட்டன். உடைக்க மாட்டன்.

மே 9
பின் சீட்டைக் கழட்டினன். சாய்மானத்துக்குப் பின்னால தகரம். அதில ஓட்டையள், விரல்தான் போகும். மூக்கை வைச்சன். வெங்காய மணம். அழுகல் இல்லை. இன்னும் இல்லை. கை கீறி ரத்தம்.
ஆவரங்கால் தம்பி கிரைண்டரோட வந்தார். “அக்கா, பூட்டடியில வெட்டி விடுவம்.” பொறி பறக்கும், பெற்றோல் ராங்கி கீழ. வேண்டாம் எண்டு அனுப்பினன். அனுப்பின பிறகு அழுகை வந்துது.

மே 10
தோட்டத்துக்குப் போனன். பாத்தி கட்டி, எரு போட்டுக் கிடக்குது. கிணறு இறங்கீட்டுது. நிலாவரை மாதிரித்தான் எங்கட கிணறும்: மேல நன்னீர், ஆழத்தில உவர். பிந்தினா உவர்த் தண்ணிதான் இறைக்க வேணும். வெங்காயம் தாங்காது.
சீட்டுக்குப் பின்னால திரும்பவும் மூக்கை வைச்சன். இண்டைக்கு மணம் வேற மாதிரி. இனிப்பா. இரவு நித்திரை இல்லை. உடைச்சிருக்கலாமோ?

மே 11
பழைய மெக்கானிக் ஐயா வந்தார். தொண்ணூறுகளில பெற்றோல் தடை இருந்த நேரம், காபுரேற்றரில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் ஆக்கி, மண்ணெண்ணெயில ஒஸ்ரின் ஏ40 ஓட விட்ட மனிசன். மூடியைத் தட்டிக் கேட்டார். பின் கண்ணாடிக்குக் கீழ இருந்த ஸ்பீக்கரைக் கழட்டச் சொன்னார். அந்த ஓட்டைக்குள்ள ரோச் பிடிச்சன். பூட்டில இருந்து கொளுவிக்குப் போற கம்பி கழண்டு தொங்குது. அதைப் பிடிக்கிற பிளாஸ்ரிக் கிளிப் நொறுங்கிக் கிடந்துது. நகத்தளவு சாமான். கொங்கிறீற் கம்பியின்ர நுனியைக் கொக்கியா வளைச்சு உள்ள விட்டார். “பிள்ளை, வெளிச்சத்தை ஆட்டாதை.” ரெண்டு தரம் வழுக்கிச்சு. பிறகு டக். மூடி எழும்பிச்சு. சூடு முகத்தில அடிச்சுது.
சாக்கின்ர மேல்பக்கம் வேர்த்து வழுக்குது. நிழலில கொட்டி ஒவ்வொண்டா அமத்திப் பாத்தம். கால்வாசி போச்சு. மிச்சம் கல்லு மாதிரி இறுக்கம். காசு வேண்டாம் எண்டார் ஐயா. கட்டாயப்படுத்திக் குடுத்தன்.

மே 12
ஒண்டரைப் பரப்பு நட்டாச்சு. விரல் நுனியெல்லாம் எரியுது. கேபிளும் கிளிப்பும் யாழ்ப்பாணத்தில எடுக்கலாமாம். அதுவரைக்கும் டிக்கியைக் கயித்தால கட்டித்தான் ஓட்டம். இவர் எடுத்தார். “உடைச்சனீரே?” “இல்லை. திறந்தனாங்கள்.” மிச்ச அரைப் பரப்புக்கு விதை வேணும். மாமி தன்ர காசு தாறாவாம்.