ஈவன்டைட் மெட்டும் தாராவிக் கித்தாரும்

1847இல் மறைந்த ஆங்கிலிக்கன் போதகர் ஹென்றி ஃபிரான்சிஸ் லைட் எழுதிய மாலைப்பாடல் ‘அபைட் வித் மீ’. இன்று பாடப்படும் மெட்டை 1861இல் வில்லியம் ஹென்றி மங்க் அமைத்தார். ‘ஈவன்டைட்’ என்பது அம்மெட்டின் பெயர். காந்தியடிகள் விரும்பிய இப்பாடல் தில்லியில் பாசறை திரும்பும் விழாவில் நெடுங்காலம் ஒலித்து, 2022இல் நீக்கப்பட்டது. தமிழ்ச் சபைகளின் பாமாலையிலோ அது தமிழ்ச் சொற்களோடு இன்றும் வாழ்கிறது.

தோல் பதனிடும் தொழிலை நம்பித் தாராவிக்கு வந்த தமிழர்களில் திருநெல்வேலிச் சீமையார் மிகப் பலர். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலிக்கன் மிஷன்கள் வேரூன்றிய சீமை அது. அங்கிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் பாமாலையையும் உடன் கொண்டுவந்தன. அத்தகைய வீடொன்றில் ஆச்சியும் பேரனும் மாலை ஜெபத்திற்கு இப்பாடலைப் பாடுகின்றனர். இரும்பு ஏணி வழியே ஏறிச் செல்லும் ஒற்றை அறையில் ஆர்கனுக்கு இடமேது? கித்தார் ஆணியில் தொங்குகிறது.

ஆர்கனுக்கென எழுதப்பட்ட பாடலைக் கித்தாரில் வாசிப்பது எளிதன்று. பாட்டுப் புத்தகத்தில் மெட்டு ஈ ஃப்ளாட் சுருதியில் உள்ளது. திறந்த தந்திகளுக்கு அது ஒவ்வாதது. முதல் கட்டையில் கேப்போவைப் பூட்டி, டீ சுருதியின் விரலமைப்பில் வாசித்தால் அதே ஈ ஃப்ளாட் ஒலிக்கும். ஆறாம் தந்தியை ஈயிலிருந்து டீக்கு இறக்கிக்கொண்டால் அடிக்குரலும் கனம் பெறும். ஆயினும் பாடலின் நான்கு குரல்களும் ஏறத்தாழ ஒவ்வொரு தட்டிலும் இடம் மாறுகின்றன. சினிமாப் பாட்டுக்குப் போல எல்லாத் தந்திகளையும் ஒருசேர வருடினால், உட்குரல்கள் நசுங்கிவிடுகின்றன. கட்டைவிரல் கீழ்க்குரலையும் ஏனைய விரல்கள் மேற்குரல்களையும் தனித்தனியே மீட்ட வேண்டும்.

அடுத்த இடர் நேரம் பற்றியது. ஆர்கனின் ஒலி விரலை எடுக்கும்வரை நிற்கும். கித்தாரின் ஒலியோ மீட்டிய கணமே தேயத் தொடங்கும். ஒலி தேயுமுன் அடுத்த சுரத்திற்குப் பேரன் விரைகிறான். “மூச்சு விடவும் இடம் வேணும்லா மக்கா” என்கிறார் ஆச்சி. வரி முடிவில் அவர் மூச்செடுக்கும் இடைவெளியே தாளம் என அவன் மெல்லக் கற்றுக்கொண்டான்.

மாட்டுங்காவில் ஆங்கிலவழியில் பயின்ற அவன் தமிழைப் பேசுவான், படிக்க அறியான். ஆச்சி தமிழிலும் அவன் ஆங்கிலத்திலுமாக ஒரே மெட்டில் பாடிவந்தனர். வரிக்குப் பத்து உச்சரிப்புகள் என்னும் ஆங்கிலக் கணக்கிற்குத் தமிழ் வரிகளும் பொருந்துமாறு மொழிபெயர்ப்பு அமைந்திருப்பதால் அது இயன்றது. ஆனால் நம் யாப்பு குறிலையும் நெடிலையும் வேறுபடுத்திக் கேட்கும். நீண்ட சுரத்தில் குறில் விழும்போது ஆச்சி அதை நீட்டாமல், சற்றே முன்னதாக விட்டுவிடுகிறார். ஆங்கில வரியைப் பார்த்து வாசிக்கும் கித்தார் அவ்விடங்களில் அவருக்குப் பிந்தியே வருகிறது.

செம்பூரில் உறவினர் ஒருவர் மறைந்தபோது, இரவு ஜெபத்திற்கு அவனை வாசிக்க அழைத்தனர். பாடவிருந்த முதியோர் அனைவரும் தமிழில் பாடுவோர். சுரக்கோர்வை எந்தத் தமிழ் எழுத்தின்மேல் மாறுகிறது என்று குறித்துக்கொள்ளாமல் அவர்களைத் தொடர இயலாது. ஆகவே பாமாலையின் அப்பக்கத்தை ஆச்சி விரல் வைத்துக் காட்ட, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்து, உரிய எழுத்தின்மேல் பென்சிலால் குறியிட்டான். தமிழ் படிக்குமாறு வீட்டார் பன்முறை கூறியும் நிகழாதது, துக்க வீட்டில் முதியோர் குரலைத் தவறவிடலாகாது என்ற அச்சத்தால் நிகழ்ந்தது. முதல் சரணத்திற்கு இரண்டு மாலைகள் ஆயின; மூன்றாம் சரணத்தை அவன் உதவியின்றிப் படித்தான்.