இழுக்காத வண்டி

வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு பயம் உண்டு. ஒன்று, வழியில் நின்றுவிடுமோ என்பது. இன்னொன்று, நிற்காமலேயே நாளுக்கு நாள் சோர்ந்துபோவது. முதலாவது பரவாயில்லை. நின்றால் தள்ளலாம், நாலு பேர் ஓடி வருவார்கள், ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். இரண்டாவது அப்படியில்லை. ஓட்டுகிறவனுக்கு மட்டும்தான் தெரியும். வெளியே சொன்னால், "ஓடுதில்ல, அப்புறம் என்ன?" என்பார்கள்.

2006 தை மாதம் என் வண்டிக்கு அப்படி ஒரு சோர்வு வந்தது. நூறு சிசி வண்டி. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. தப்பு கம்பெனி மேல் இல்லை. யார் மேல் என்பது கடைசியில் தெரியும்.

புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் போகிற வழியில் ஆரியபாளையத்தில் சங்கராபரணி ஆற்றுப் பாலம் வரும். பெரிய மேடு ஒன்றும் கிடையாது. நாலாவது கியரிலேயே ஏறிக்கொண்டிருந்த வண்டி, ஒரு நாள் மூன்றாவதைக் கேட்டது. அடுத்த வாரம் மனைவி பின்னால் உட்கார்ந்திருந்தபோது இரண்டாவதைக் கேட்டது. "ஏங்க, அந்த சைக்கிள்காரர் நம்மள முந்திடுவார் போலிருக்கே" என்றாள். லிட்டருக்கு அறுபது கொடுத்துக்கொண்டிருந்தது நாற்பத்தைந்துக்கு இறங்கியது.

டவுனில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்தார். "ரிங் போயிருக்கும் சார். இன்ஜினை இறக்கணும். போர் போட்டு, பிஸ்டன் மாத்தி, எல்லாம் சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறு ஆகும். திங்கக்கிழமை கொண்டாந்து வுட்டுடுங்க."

அன்றைக்கு என் சம்பளத்தில் அது பாதி. மனைவி ஒன்றும் பேசவில்லை. காதிலிருந்து கம்மலைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சனிக்கிழமை அடகுக் கடைக்குப் போய் வந்தேன். பணம் சட்டைப் பையில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கரியமாணிக்கம் போகவேண்டும். அங்கே அத்தை தனியாக இருந்தாள். வாரா வாரம் சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பது என் வேலை. வண்டி இல்லை என்றால் அந்த வாரம் மாத்திரையும் இல்லை.

வில்லியனூர் தாண்டி, ஏம்பலம் வழியாகப் போகும் ரோடு. அந்தப் பக்கத்து எல்லைகள் ஒரு தினுசு. கொஞ்ச தூரம் புதுச்சேரி, கொஞ்ச தூரம் தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரன் காலத்துக் கணக்கு. 1954இல் அவன் கிளம்பிய பிறகும் அப்படியேதான் இருக்கிறது. எந்த அரசாங்கமாக இருந்தாலும் தை மாதத்தில் ரோடு மட்டும் நெல்லுக்குச் சொந்தம். சம்பா அறுவடை முடிந்து, கதிரை ரோட்டில் பரப்பியிருப்பார்கள். பஸ்ஸும் லாரியும் மேலே ஏறிப் போக, கூலியில்லாமல் நெல் உதிரும். இன்னொரு பக்கம் பெண்கள் முறத்தில் தூற்றிக்கொண்டிருப்பார்கள். காற்றெல்லாம் பதரும் தூசியும். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு போவேன். எனக்குக் கைக்குட்டை இருந்தது. வண்டியைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

ஊருக்குள் நுழையும்போது வண்டி முக்கி முனகி, நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. ஒரு புளியமரத்தடியில் கீற்றுக் கொட்டகை. டிராக்டர் டயர் ஒன்று, பிரித்துப்போட்ட மொபெட் ஒன்று, ஐம்பது வயதுக்காரர் ஒருவர். தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன்.

"இழுக்கலண்ணே. ரிங் போயிடுச்சாம்."

"யாரு சொன்னது? நீயா, வண்டியா?"

பிறகு அவர் வண்டியைத் தொடவே இல்லை. என்னைத்தான் கேட்டார். "எப்பலேர்ந்து? திடீர்னா, கொஞ்சம் கொஞ்சமாவா? முறுக்கும்போது சத்தம் ஏறுது, வண்டி ஏறலையா? இல்ல, சத்தமே ஏறலையா?"

யோசித்தேன். சத்தமே ஏறவில்லை.

"அப்ப கிளட்ச் இல்ல. கிளட்ச் வழுக்குனா இன்ஜின் கத்தும், வண்டி நவுராது. இது கத்தவே மாட்டேங்குது."

எரிபொருள் குழாயைத் திறந்து பார்த்தார். பெட்ரோல் தாராளமாக வந்தது. சோக் லீவர் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தார். இல்லை. சாவியை அணைத்துவிட்டு கிக்கரைக் கையால் அமுக்கினார். பாதியில் கெட்டியாக நின்றது. "கம்ப்ரஷன் இருக்குதேப்பா. ரிங் போன வண்டின்னா இது பொசுக்குனு இறங்கியிருக்கும்."

சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் வைத்து, பின் சக்கரத்தைக் கையால் தள்ளிவிட்டார். ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றாமல் நின்றது. விரலைத் தண்ணீரில் நனைத்து பிரேக் டிரம் மேல் வைத்தார். சுர்ரென்றது.

"பிரேக்கைப் புடிச்சிக்கிட்டே ஓட்டிட்டு வந்திருக்கிறே. ராடுல நட்டை யாரு இவ்ளோ இறுக்கனது?"

"மெக்கானிக்கா இருக்கும்" என்றேன்.

நட்டைத் தளர்த்தினார். பெடல் ஒரு அங்குலம் சும்மா இறங்கி, அப்புறம்தான் பிடிக்கவேண்டும் என்று காட்டினார். இப்போது சக்கரம் சுழன்றது. ஓட்டிப் பார்த்தேன். கொஞ்சம் தேவலை. ஆனால் பழைய இழுவை இல்லை.

"பாதி கழிஞ்சுது. மீதியைப் பாப்போம்" என்று பிளக்கைக் கழற்றினார். நுனியெல்லாம் அட்டைக் கரி. விரலால் தேய்த்தார். மை மாதிரி உலர்ந்து ஒட்டியது.

"கரியமாணிக்கத்துக்கே வந்து கரியைக் காட்டறியா?" என்று சிரித்தார். "இத பாரு. ரிங் போயிருந்தா ஆயில் மேல ஏறி, பிளக் ஈரமா பிசுபிசுன்னு இருக்கும். சைலன்சர்ல நீலப் புகை வரும். இது காஞ்ச கரி. பெட்ரோல் போவுது, காத்து போவல."

சைடு மூடியைத் திறந்து ஏர் ஃபில்டரை வெளியே எடுத்தார். ஸ்பாஞ்சு என்று அதைச் சொல்ல முடியாது. உமியும் பதரும் எண்ணெயும் சேர்ந்து வறட்டி மாதிரி இருந்தது. வாரா வாரம் நான் கைக்குட்டை கட்டிக்கொண்டு கடந்துபோன தூசி அத்தனையும் அதில் இருந்தது.

இதன் கணக்கைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு கிராம் பெட்ரோல் ஒழுங்காக எரிய சுமார் 15 கிராம் காற்று வேண்டும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய ஒன்பதாயிரம் லிட்டர் காற்று. பெட்ரோல் விலை ஐம்பது பைசா ஏறினால் நாம் புலம்புகிறோம். அந்த ஒன்பதாயிரம் லிட்டருக்கு யாரும் காசு கேட்பதில்லை; அதனால் அதன் வழி அடைத்துக்கொண்டதை நாம் கவனிப்பதும் இல்லை. கார்புரேட்டர் வண்டியில் காற்று குறைந்தால் பெட்ரோல் மிஞ்சும். மிஞ்சியது எரியாமல் கரியாகும். இழுவை போகும், மைலேஜ் போகும். பார்க்கிறவர்களுக்கு இன்ஜின் கிழடாகிவிட்ட மாதிரியே தோன்றும்.

அவர் ஸ்பாஞ்சை மண்ணெண்ணெயில் இரண்டு முறை அலசினார். முறுக்காமல், உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பிழிந்தார். முறுக்கினால் கிழிந்துவிடும். வெயிலில் காயவைத்துவிட்டு பிளக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். காய்ந்ததும் இன்ஜின் ஆயிலில் நனைத்து, மறுபடி பிழிந்து, பொருத்தினார். அந்த ஈரத்தில்தான் தூசி ஒட்டுமாம்.

வண்டியை எடுத்தேன். நெட்டப்பாக்கம் ரோட்டில் நாலாவது கியரைப் போட்டு முறுக்கினேன். முதுகில் யாரோ தள்ளுவது போலிருந்தது. சட்டைப் பையில் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் படபடவென்று அடித்துக்கொண்டது.

திரும்பி வந்து, "எவ்வளவுண்ணே?" என்றேன்.

"முப்பது ரூபா குடு. ஆயிலும் மண்ணெண்ணெயும் அதுல அடக்கம்."

டவுன் மெக்கானிக்கை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஏமாற்றுக்காரன், கொள்ளைக்காரன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அவரு கேட்டாரா, எப்பலேர்ந்து இப்படின்னு?"

"இல்லண்ணே."

"நீயா சொன்னியா?"

"இல்ல."

"அப்புறம் அவரை மட்டும் ஏன் திட்டறே? அவருக்கு அவசரம், உனக்கும் அவசரம். ரிங் போனாலும் இப்படித்தான் இழுக்காது. ஆனா அது கடைசியா பாக்க வேண்டியது. காசில்லாம பாக்கறது எல்லாத்தையும் பாத்து முடிச்சப்புறம்தான் காசு செலவாவறதைத் தொடணும்."

அத்தை வீட்டுத் திண்ணையில் மோர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த நட்டு நினைவுக்கு வந்தது. பொங்கலுக்கு முன்பு, பின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று ஸ்பேனரை எடுத்து நாலு சுற்று இறுக்கியது நான்தான். மெக்கானிக் கை வைக்கவே இல்லை. கேட்டவரிடம் கூசாமல் அடுத்தவர் பெயரைச் சொல்லியிருந்தேன். மாலையில் திரும்பும்போது கொட்டகை பூட்டியிருந்தது. அடுத்த ஞாயிறு போய்ச் சொன்னேன். "தெரியும். கடைக்காரங்க இறுக்கனா ஸ்பேனர் வழுக்கி நட்டு மொனை மழுங்காது" என்றார்.

திங்கட்கிழமை கம்மலை மீட்டேன். இரண்டே நாளைக்கு ஒரு மாத வட்டி. அது என் அவசரத்துக்கான அபராதம்.

அத்தை இப்போது இல்லை. அந்த வண்டியும் இல்லை. இப்போது வைத்திருப்பது 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 விதிக்குப் பிறகு வாங்கியது. கார்புரேட்டர் கிடையாது. இன்ஜினில் கோளாறு என்றால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். கடைக்காரர் ஒரு கருவியைச் செருகிப் படித்துச் சொல்லிவிடுவார். ஆனால் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் எந்த விளக்கும் எரிவதில்லை.

அதனால் இன்றைக்கும் வண்டி கொஞ்சம் கனமாகத் தெரிந்தால், கடைக்குக் கிளம்புவதற்கு முன் சென்டர் ஸ்டாண்டில் போட்டு பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுகிறேன். நான் இறுக்கியது எதுவும் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன்.