கேமிங்கா, எடிட்டிங்கா?

சென்னை ரிச்சி தெருவில் புது சிஸ்டம் அசெம்பிள் பண்ணக் கொட்டேஷன் கேட்டால், எழுதுகிறவர் தலை நிமிராமலே கேட்பார்: "கேமிங்கா, எடிட்டிங்கா?" விளையாடுகிற பையன்களுக்கு ஒரு பட்டியல், கல்யாண வீடியோ வெட்டுகிறவர்களுக்கு இன்னொன்று. மூன்றாவதாக 'ஆபீஸ் யூஸ்' உண்டு; அதைச் சொன்னதும் அவருக்குச் சுவாரசியம் போய்விடும். விளையாட்டைச் செய்கிறவனுக்கென்று பட்டியல் கிடையாது. கேம் டெவலப்மென்ட் என்று விளக்கப் போனால், "அப்ப கேமிங்தானே சார்" என்பார். இல்லை என்று எனக்குத் தெரியும். ஏன் இல்லை என்று சொல்லத் தெரிய வருஷங்கள் பிடித்தன.

2017 கோடை அது. ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வரப்போகிறது. நாளைக்கு என்ன விலை என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. "இன்னிக்கு ரேட் இன்னிக்குத்தான் சார்" என்றே எல்லாக் கடையிலும் பேச்சு. எங்களுடையது வடபழனியில் ஒரு வீட்டு மாடியில் இயங்கிய சின்ன ஸ்டூடியோ. மொபைல் விளையாட்டுகள் செய்துகொண்டிருந்தோம். ஸ்டூடியோ நடத்திய அண்ணன் இரண்டு சிஸ்டம் வாங்கப் பணம் ஒதுக்கியிருந்தார். அந்த வருஷம் பார்த்து, நீண்ட காலத்துக்குப் பிறகு, உண்மையிலேயே யோசித்து எடுக்க வேண்டிய முடிவாக அது வந்து நின்றது. ஜனவரியில் இன்டெல்லின் ஐ7-7700கே வந்திருந்தது: நாலு கோர், எட்டு த்ரெட், 4.5 ஜிகாஹெர்ட்ஸ் வரை ஏறும். மார்ச்சில் ஏ.எம்.டி.யின் ரைசன் 7 1700: எட்டுக் கோர், பதினாறு த்ரெட், ஆனால் 3.7-க்கு மேல் போகாது. அமெரிக்காவில் 329 டாலர். இன்டெல்லும் கிட்டத்தட்ட அதே விலை. 2007-இல் வந்த கோர் 2 குவாட் தொடங்கிப் பத்து வருஷமாக, சாதாரண போர்டில் உட்காரும் இன்டெல் சிப்பில் நாலு கோருக்கு மேல் வந்ததே இல்லை. திடீரென்று அதே காசுக்கு இரண்டு மடங்கு தருகிறேன் என்று இன்னொருவன் வந்தால் யாருக்கும் கை நடுங்கும்.

எனக்கு ஜிகாஹெர்ட்ஸ் மீதுதான் பழைய பாசம். பள்ளி நாட்களில் எங்கள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டர் வாசலில் 'பென்டியம் 4' என்று கொட்டை எழுத்தில் போர்டு இருக்கும். உள்ளே 'வைஸ் சிட்டி' ஆடுகிற அண்ணன்கள் "இது 2.4, மூலையில இருக்கிறது 2.8" என்று மெஷின்களைப் பெயர் சொல்லாமல் எண் சொல்லியே அழைப்பார்கள். 2.8 காலியாகும் வரை காத்திருந்து உட்கார்ந்தவன் நான். அந்த எண் ஏறிக்கொண்டே போகும் என்று நம்பியது நான் மட்டுமில்லை, இன்டெல்லும் நம்பியது. 2004-இல் நம்பிக்கை முடிந்துவிட்டது. பென்டியம் 4 சூட்டில் திணறியது. அதற்கு அடுத்து வரவிருந்த தேஜஸ் என்ற சிப்பை அந்த மே மாதம் கைவிட்டார்கள், 4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியத்தை அக்டோபரில் ரத்து செய்தார்கள். 3.8-இல் நின்றது. பதின்மூன்று வருஷம் கழித்து ரிச்சி தெருவில் நான் கையில் எடுத்துப் பார்த்த பெட்டியில் 4.5 என்று போட்டிருந்தது. அவ்வளவுதான் ஏறியிருக்கிறது! மிச்ச வேகமெல்லாம் வேறு வழிகளில் வந்தது; அதில் ஒரு வழி, கோர்களைக் கூட்டுவது. கூட்டிய கோர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் சுமை புரோகிராம் எழுதுகிறவன் தலையில் விழுந்தது.

பிரிக்க முடிந்த வேலை, முடியாத வேலை. ஜீன் அம்தால் 1967-லேயே சொல்லிவிட்ட கணக்குதான்: பத்து நிமிட வேலையில் ஒரு நிமிடம் பிரிக்க முடியாதது என்றால், ஆயிரம் கோர் போட்டாலும் அந்த ஒரு நிமிடத்துக்குக் கீழே இறங்காது. கல்லூரியில் இதைப் படித்து மார்க் வாங்கினேன். யூனிட்டி கேம் எஞ்சினில் உட்கார்ந்தபோதுதான் உடம்பில் உறைத்தது. ஸ்கிரிப்டில் ஒரு எண்ணை மாற்றுவேன். குதிக்கிற உயரம் 2.1 என்பதை 2.2 ஆக்குவேன். எடிட்டருக்குத் திரும்பினால் கம்பைல் ஆகும், பிறகு எல்லாவற்றையும் நினைவில் புதிதாக ஏற்றும். ப்ளே பட்டனை அமுக்கினால் மறுபடி ஏற்றும். அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் மொத்த உபயோகம் பதினைந்து சதவீதத்தைச் சுற்றியே ஆடிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு த்ரெட் ஓட, மற்ற ஏழும் என்னோடு சேர்ந்து வேடிக்கை பார்க்கும்.

அந்தக் காத்திருப்பு சின்னது, எழுந்து போய் டீ குடிக்கப் போதாது. போனை எடுக்கப் போதும். எடுத்தால் கீழே வைப்பதற்குள் எதற்காக 2.2 ஆக்கினேன் என்பது மறந்திருக்கும். பெரிய காத்திருப்புகளை நான் வெறுத்ததில்லை. ஆண்ட்ராய்டிலிருந்து பிசிக்குப் பிளாட்ஃபார்ம் மாற்றினால் எல்லாப் படங்களையும் திரும்ப இறக்குமதி செய்யும். சாப்பிடப் போய்விட்டு வரலாம். எங்கள் ஆர்ட்டிஸ்ட் லைட் பேக் போட்டுவிட்டு வீட்டுக்கே போவார். ஒரு நாளுக்குள் இருபது முறை குறுக்கே வந்து நிற்கிறதே, அந்தச் சின்னதுதான் ஆளைக் கொல்லும். கோர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குகிறவர்களிடம் நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான்: உன் காத்திருப்பு எது என்று முதலில் கண்டுபிடி.

அண்ணன் அதைக் கண்டுபிடித்தவர். ஆளுக்கொன்றாக வாங்கினார். கோட் எழுதுகிற எனக்கு 7700கே, லைட் பேக் போடுகிற ஆர்ட்டிஸ்டுக்கு ரைசன். லைட் பேக் என்பது ஒவ்வொரு சுவரிலும் வெளிச்சம் எப்படிப் பட்டுத் தெறிக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது. எத்தனை கோர் கொடுத்தாலும் தின்னும். அந்த ரைசனில் டிஸ்ப்ளே வசதி கிடையாது, தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அந்தக் கோடையில் கார்டு கிடைக்கவில்லை. "மைனிங்காரங்க மொத்தமா அள்ளிட்டாங்க சார்" என்றார்கள் கடைக்குக் கடை. ஈதரியம் தோண்டுகிறவர்களின் காலம் அது. கிடைத்த கார்டை மாட்டி ஓட்டிய அன்று டாஸ்க் மேனேஜரில் பதினாறு கட்டமும் நிரம்பி நின்றதைப் பார்க்க மாடி முழுக்கக் கூடியது. அக்கவுண்ட்ஸ் அக்காகூட வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு கரன்ட் பில் எவ்வளவு வரும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். உண்மையில் 65 வாட் சிப் அது; 91 வாட் என் மேஜையில் இருந்தது. பெட்டியில் ஃபேன்கூட வைக்காமல் விற்றார்கள் அதை. அக்கினி நட்சத்திரத்தில், ஏ.சி. நின்ற மதியங்களில், தனியாக வாங்கி மாட்டிய ஃபேனின் சத்தத்தை வைத்தே கம்பைல் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

இரண்டு வருஷத்தில் கணக்கு புரண்டது. 2019 ஆகஸ்ட் 1 முதல் கூகுள் பிளேயில் 64-பிட் கட்டாயம். யூனிட்டியில் அதற்கு ஒரே வழி, எழுதிய சி ஷார்ப்பை சி பிளஸ் பிளஸ்ஸாக மாற்றி அதைக் கம்பைல் செய்வது. அதுவும் பழைய போனுக்கு 32-பிட், புதிய போனுக்கு 64-பிட் என்று இரண்டு தடவை. அதுவரை சட்டென்று முடிந்த பில்ட், மாலை முழுவதையும் விழுங்க ஆரம்பித்தது. ஆர்ட்டிஸ்ட் ஆறு மணிக்குக் கிளம்பியதும் அவர் நாற்காலியில் போய் உட்காருவேன். பதினாறு த்ரெட்டும் எனக்கு. மறுநாள் காலை அவர் வந்து நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்துகொண்டே என்னைப் பார்ப்பார்.

எந்தச் சிப்பில் செய்கிறாயோ, அதற்கேற்றபடிதான் விளையாட்டும் அமையும். 1996-இல் வந்த 'குவேக்'கை நினைத்துக்கொள்கிறேன். ஐடி சாஃப்ட்வேரில் ஜான் கார்மாக்கும் மைக்கேல் ஆப்ராஷும் பென்டியத்தின் ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். தசமக் கணக்கில் ஒரு வகுத்தல் நடந்துகொண்டிருக்கும்போதே, மறுபக்கம் முழு எண் வேலையையும் அது பார்க்கும். பதினாறு புள்ளிக்கு ஒரு வகுத்தல். முந்தைய பதினாறு புள்ளிகளை வரைந்து முடிப்பதற்குள் அது முடிந்துவிடும். பென்டியத்தில் குவேக் ஓடியது. விலை குறைவு என்று சைரிக்ஸ் 6x86 வாங்கியவர்களுக்கு நொண்டியது. டைப் அடிக்கவும் கணக்குப் போடவும் அது நல்ல சிப்தான். தசமக் கணக்கில் மட்டும் சோனி. டெக்சாஸில் இரண்டு பேர் எழுதிய சில வரிகள், உலகம் முழுக்க யார் எந்தச் சிப் வாங்குவது என்பதையே தீர்மானித்தன.

எங்கள் விளையாட்டை ஆடியவர்களின் கையில் அப்போது இருந்தது ரெட்மி நோட் 4 மாதிரியான போன்கள். 9,999 ரூபாயில் தொடங்கியது அது. உள்ளே ஸ்னாப்டிராகன் 625, பெட்டியில் எட்டுக் கோர் என்று பெருமையாக அச்சிட்டிருக்கும். எட்டும் சிறிய ஏ53 கோர்கள். எங்கள் விளையாட்டின் பெரும்பாலான வேலை ஒரே த்ரெட்டில் நடந்ததால், அந்த எட்டில் ஒன்று மூச்சு வாங்க மற்றவை சும்மா இருந்தன. என் மேஜையில் பறந்தது அங்கே தவழ்ந்தது. அண்ணன் அந்தப் போன் ஒன்றை வாங்கி என் மானிட்டர் மேலேயே ஒட்டி வைத்தார். ஸ்டூடியோ வாங்கியதிலேயே உருப்படியான ப்ராசஸர் அதுதான் என்பேன்.

செய்கிறவனின் வேலை சிப்பை வேறு விதமாகப் பிழிகிறது. முதல் ரைசன்களில் சில, லினக்சில் எல்லாக் கோர்களையும் ஓட்டிக் கம்பைல் செய்தால் கம்பைலரையே சாய்த்தன, ஏ.எம்.டி. ஒப்புக்கொண்டு சிப்பை மாற்றிக் கொடுத்தது. பின்னால் இன்டெல்லுக்கும் வந்தது. 13, 14-ஆம் ஜெனரேஷன் உயர்ரகச் சிப்புகளில், அன்ரியல் எஞ்சினில் செய்த விளையாட்டுகள் தொடங்கும்போது ஷேடர்களை விரிக்கிற இடத்தில் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று காட்டி விழுந்தன. பாவம், கிராபிக்ஸ் கார்டைச் சபித்தவர்கள் எத்தனை பேர்! தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கிச் சிப்பே நலிந்துகொண்டிருந்திருக்கிறது. 2024-இல் திருத்தம் கொடுத்து, வாரன்டியை இரண்டு வருஷம் நீட்டினார்கள்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். அன்ரியலில் தனியாக ஒரு விளையாட்டு செய்கிறான். கடையில் 'கேம்' என்ற சொல்லைக் கேட்டதும் எக்ஸ்3டி சிப்பை எடுத்து வைத்திருக்கிறார்கள். நல்ல சிப்தான். 2022-இல் 5800எக்ஸ்3டி வந்தபோது கூடுதல் கேஷைத் தலைமேல் அடுக்கி மொத்தம் 96 எம்பி எல்3-ஓடு வந்தது, விளையாடுகிறவர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அதற்காக ஓட்டம் 4.7-லிருந்து 4.5-க்கு இறங்கியிருந்தது, கம்பைல் செய்கிறவனுக்கு அந்தக் கேஷால் பெரிய லாபம் இல்லை. "நீ எதுக்காகப்பா காத்திருக்கே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "ஷேடர் கம்பைல்ணா. அப்புறம் எஞ்சினையே சோர்ஸ்ல இருந்து பில்ட் பண்றேன்." அப்படியென்றால் கோர் வாங்கு, என் ஜிகாஹெர்ட்ஸ் பாசத்தைப் பின்பற்றாதே என்றேன். ராம் எவ்வளவு என்று கேட்டதற்கு 16 ஜிபி என்றான். அன்ரியலின் பில்ட் டூல், ஒரு கம்பைல் வேலைக்கு ஒன்றரை ஜிபி என்று காலி ராமைக் கணக்குப் பார்த்துத்தான் ஒரே நேரத்தில் எத்தனை ஓட்டலாம் என்று முடிவு செய்யும். விண்டோஸும் விஷுவல் ஸ்டுடியோவும் தின்றது போக மிச்சத்தை ஒன்றரையால் வகுத்துப் பார், பதினாறு த்ரெட்டில் பாதிகூட ஓடாது என்றதும் மறுமுனையில் கால்குலேட்டர் தட்டும் சத்தம். 64-க்குப் போ, சிப்பில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை என்றேன்.

"அடுத்த ஜெனரேஷன் வரைக்கும் பொறுக்கலாமாண்ணா?" என்றான்.

டெமோ எப்போது கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். தை பிறந்ததும் என்றான். இந்த வாரமே வாங்கிவிடு என்றேன்.