ஏற ஓர் உயரம், இறங்க ஓர் உயரம்

கண்டியிற் சைக்கிளோட்டுவோர் ஒரே ஆசனத்தில் ஈருயரங்களை வேண்டுவர். பேராதனை வளாகத்திலிருந்து ஹந்தானைச் சரிவில் ஏறுகையில் கால் ஏறத்தாழ முழுதும் நீளவேண்டும். ஆசனம் உயர்ந்திருத்தல் அவசியம். அதே உயரத்தோடு இறங்குவோன், முன் பிறேக்கைச் சடுதியாக அழுத்தினால் தலைகுப்புற வீழ்வான். ஒவ்வொரு சரிவிலும் நின்று ஆசனத்தின் ஆணியைத் தளர்த்துவார் எவருமிலர்.

கலிபோர்னியாவில் மலைச் சைக்கிளை உருவாக்கியோருள் ஒருவரான ஜோ பிரீஸ், ஜோஷ் ஏஞ்சலுடன் இணைந்து 1980களில் இதற்குக் கண்ட விடை 'ஹைட்-ரைட்' என்னும் வில். அதன் ஒரு முனை ஆசனத் தண்டிலும் மறுமுனை வண்டிச் சட்டத்திலும் பூட்டப்படும். ஓடிக்கொண்டே நெம்புகோலைத் திறந்து உடற்பாரத்தால் அழுத்தினால் ஆசனம் தாழும். பாரத்தை எடுத்தால் வில் அதனை உயர்த்தும். நெம்புகோலை மூடினால் நிலைத்து நிற்கும். அவ்வளவே.

இத்துணை எளிய பொறியை வீட்டிலும் ஆக்கவியலும். 2022இல் எரிபொருட் பஞ்சத்தால் மக்கள் சைக்கிளை நாட, அதன் விலையும் எட்டாது உயர்ந்த நாட்டில் இது வெறும் பொழுதுபோக்கன்று. ஆயினும் கவனத்துக்குரியது வில்லன்று, தண்டே. அதிற் பொறித்துள்ள எல்லைக்கோடு குழாய்க்கு வெளியே தெரியுமளவு உயர்ந்தால், பாரந்தாங்காது தண்டு வளையலாம், சட்டமே வெடிக்கலாம். ஆகவே, வில் தண்டினை அக்கோட்டுக்கு அப்பால் தள்ளாதவாறு ஒரு தடையை அமைப்பதே முதல் வேலை. வண்ணம் பூசுவதெல்லாம் பிறகு.