0412

பலெர்மோவில் நம் சனத்தின் கலியாணம், சாமத்தியவீடு எதுவென்றாலும் கமராவோடு நிற்கிற ஆள் நான். செப்டம்பர் 4, புனித ரொசாலியாவின் திருநாளுக்குப் பெல்லெக்ரினோ மலை ஏறும்போதும் அப்படித்தான். 1624இல் கொள்ளைநோய் நகரத்தைத் தின்றபோது அவளுடைய எலும்புகள் அந்த மலைக் குகையில்தான் கிடைத்தனவாம். வேதக்காரரும் சைவரும் சேர்ந்தே ஏறுவோம். குகைக்கூரையில் சொட்டும் தண்ணீரைத் தகரப் பீலிகள் ஏந்தும். அந்த இருட்டில் ஒரு நல்ல படத்துக்கு முப்பது எடுக்க வேண்டும்.

பதினொரு வருடத்தில் வட்டு நிரம்பிவிட்டது. ஒரு இரவு ஆறு வரியில் ஸ்கிரிப்ட் எழுதினேன். எக்ஸிஃப்டூல் ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிந்திருக்கும் திகதியைப் படிக்கும். எம்வி கட்டளை அந்த வருடத்து ஃபோல்டருக்குப் படத்தை நகர்த்தும். பிரதி எடுத்து வைக்கவில்லை. ஆறு வரிதானே!

கார்டை அழிக்கும்போதெல்லாம் என் கமரா மறுபடி 0001இலிருந்து எண்ணத் தொடங்கும். ஆகவே ஒரே வருடத்தில் 0412 என்ற பெயரில் ஒரு கலியாணமும் ஒரு பிறந்தநாளும் குகையும் இருந்தன. பெயர் ஒன்றானால், ஸ்கிரிப்டுக்குள் ஓடும் எம்வி கேள்வி கேட்காது. பழையதன் மேல் புதியதை வைத்துவிட்டுப் போய்விடும். காலையில் எண்ணிப் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்கைக் காணவில்லை.

அந்தக் கிழமைதான் பக்கத்துத் தெரு அக்கா கேட்டார். அவருடைய அம்மா அப்போதுதான் காலமாகியிருந்தார்; குகையில் எடுத்த படம் வேண்டும். "வட்டு பழுதாப் போச்சு அக்கா" என்றேன். வட்டு ஒரு பிழையும் செய்யவில்லை.

நல்லகாலம், ஸ்கிரிப்ட் ஓடிய பிறகு வட்டில் எதையும் எழுதவில்லை. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் ஃபோல்டர்களைப் பார்க்காமல் வட்டையே துழாவி, படங்களை வேறொரு வட்டில் கொட்டியது. பழைய பெயர் ஒன்றும் மிஞ்சவில்லை. உள்ளே திகதி இருந்தது. இந்தமுறை எடுத்த நாளையும் நேரத்தையும் ஒரு வரிசை எண்ணையும் சேர்த்துப் பெயர் வைத்தேன், அதுவும் பிரதி எடுத்த பிறகு.

நான் தேடிய படம் வரவில்லை. அதற்கு முந்தியது வந்தது. அம்மா கண்ணை மூடியிருந்தார். எப்போதோ நானே அழித்திருக்க வேண்டிய படம். கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன்.

அக்கா நான் சொன்னதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. "கும்பிடேக்கை அம்மா இப்பிடித்தான் நிப்பா" என்றார்.