இரண்டு காத்திருப்பு அறைகள்

பழைய ரயில் நிலையம் என்றால் எனக்கும் ஒரு மயக்கம் உண்டு. அமெரிக்கச் சிற்றூர்களில் ரயில் நின்றுபோன நிலையங்கள் பல இன்று அருங்காட்சியகம், நூலகம், உணவகம். இடிக்காமல் காத்தது நல்ல வேலைதான்.

ஆனால் தோழர்களே, தென்மாநில நிலையங்களில் வெள்ளையருக்கு ஓர் அறை, கறுப்பருக்கு ஓர் அறை. ரயில் பெட்டிகளை நிறத்தால் பிரிப்பது செல்லும் என்று 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காத்திருக்கும் இடத்துக்கும் அதே நியாயம்தான். மாநிலம் தாண்டும் பயணிகளைக் காத்திருப்பு அறையில் பிரிக்கக் கூடாதென்று கூட்டாட்சி ஆணையம் உத்தரவிட்டது 1955இல். பிறகும் பல ஊர்களில் பலகை இறங்கவில்லை.

புதுப்பிக்கும்போது நடுச்சுவரை எடுத்தால் கூடம் விசாலமாகும். காபிக் கடைக்கு வசதி. சுவர் நின்ற இடத்தில் தரையில் ஒரு கோடாவது விடுங்கள் என்பேன்.

நம் நாட்டில் மசூர் நிலையம். 1901இல் சிறுவன் அம்பேத்கரும் உடன்வந்த பிள்ளைகளும் இறங்கினார்கள். சாதி தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் முகம் மாறியது. ஏற்றிக்கொள்ள வண்டிக்காரர் யாருமில்லை. பிரிக்க அங்கே சுவரே தேவைப்படவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, மாட்டுவண்டியைப் பிள்ளைகளே ஓட்டினார்கள்; வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார்.